பழைய வீட்டு ஸ்டைல்ல பாத்ரூம்: ஆத்தங்குடியா, ரெட் ஆக்சைடா, கருங்கல்லா?

இப்ப வீடு கட்றவங்க, பழைய பாத்ரூமை இடிச்சுட்டு புதுசா பண்றவங்கன்னு நிறைய பேர் ஒரே மாதிரிதான் கேக்குறாங்க. சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ் வேண்டாம், காரைக்குடி வீடு மாதிரி, பாட்டி வீடு மாதிரி ஒரு பழமையான லுக் வேணும், பித்தளை டேப் வேணும், பூப்போட்ட தரை வேணும், பழைய தேக்கு சட்டம் போட்ட கண்ணாடி வேணும். ஆசை ரொம்ப நல்ல ஆசை, எனக்கும் அதே ஆசைதான். ஆனா போட்டோவைப் பார்த்து பொருளை எடுத்தா இந்த ஸ்டைல் ரெண்டு வருஷம் கூட தாங்காது, ஏன்னா பாத்ரூம்ல அந்தப் பொருளோட அழகைத் தீர்மானிக்கிறது உங்க குழாய்ல வர்ற தண்ணியும், நீங்க கழுவுற ஆசிட்டும்தான். அதனால எது நல்லா இருக்கும்னு பார்க்கறதுக்கு முன்னாடி எது எங்க தாங்கும்னு பார்த்துருவோம். எங்க அம்மா வீட்ல, புதுக்கோட்டை பக்கம், 8க்கு 5 அடி பாத்ரூமை மாத்துறப்ப இதையெல்லாம் ஒண்ணொண்ணா பக்கத்துல வச்சுப் பார்த்துத்தான் முடிவு பண்ணோம், அதை வச்சு எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. செட்டிநாட்டு வீடுகள்ல ஆத்தங்குடி டைல் எங்க இருக்கு? முகப்புல இருக்கு, நடு முற்றத்தைச் சுத்தி இருக்குற வளவுல இருக்கு, ஹால்ல இருக்கு. குளிக்கிற இடம் எங்க இருந்துச்சு? பின்கட்டுல, கிணத்தடியில. அங்க காலுக்குக் கீழ இருந்தது கொத்துன கருங்கல் பலகை, துவைக்கிற கல்லு, கல் தொட்டி. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எந்தப் பொருள் ஈரத்துல நிக்கும், எது நிக்காதுன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு. நாம இப்ப பழைய ஸ்டைல்னு சொல்லி ஹால்ல இருந்த தரையைத் தூக்கி ஷவருக்குக் கீழ போடுறோம், அப்புறம் நிறம் போச்சு வழுக்குதுன்னு டைல் மேல பழி போடுறோம். என்னோட முடிவு என்னன்னா, பழைய வீட்ல ஈரத்துல என்ன இருந்துச்சோ அதை ஈரத்துல போடுங்க, காஞ்ச இடத்துல என்ன இருந்துச்சோ அதைக் காஞ்ச இடத்துல போடுங்க. அதுக்கு பாத்ரூமை ஈரப் பக்கம், காஞ்ச பக்கம்னு ரெண்டாப் பிரிக்கணும், நடுவுல ஒரு கண்ணாடித் தடுப்போ அரையடி கட்டையோ போதும்.

தரைக்கு வருவோம், முக்காவாசி முடிவு இங்கதான் இருக்கு.

ஆத்தங்குடி டைல் சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில கையால செய்யிறது. அங்க போய் ஒரு தடவை பார்த்தீங்கன்னா அந்த டைலோட குணம் முழுசா புரிஞ்சிரும். ஒரு கண்ணாடித் தகடு, அது மேல இரும்பு ஃப்ரேம், ஃப்ரேமுக்குள்ள பூ டிசைன் அச்சு. அச்சுல இருக்குற ஒவ்வொரு அறைக்குள்ளயும் கலர் சிமெண்ட் கூழை சின்ன கரண்டியால ஊத்துறாங்க, ஒரு சொட்டு கூட பக்கத்து அறைக்குப் போகாம. அச்சை மெல்ல எடுத்ததும் அது மேல காஞ்ச சிமெண்ட் மணல் கலவையைத் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணிட்டு அப்படியே காய விடுறாங்க, அப்புறம் தண்ணித் தொட்டியில கியூரிங். சூளையில சுடுறது கிடையாது. மேல இருக்குற அந்தப் பளபளப்பு பாலிஷ் இல்ல, கண்ணாடி மேல படிஞ்சு வந்த வழவழப்பு. அதாவது இது ஒரு சிமெண்ட் டைல், கலர் மேல ரெண்டு மூணு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு அடுக்கா இருக்கும், மேல க்ளேஸ்னு எந்தப் பாதுகாப்பும் இல்ல. அதனால ஆசிட் பட்டா நேரா சிமெண்டைத்தான் தின்னும். சோப்புத் தண்ணி ஊறுற இடத்துல வழுக்கவும் செய்யும். வீட்ல ஊர்ப்பக்கம் பண்ற மாதிரி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சு மெருகேத்துறது ஹாலுக்கு சரி, பாத்ரூம்ல அந்த வேலையே வேண்டாம், உள்ள இறங்குற சீலர் அடிக்கிறதுதான் சேஃப்.

இன்னொரு விஷயம் கனம். இந்த டைல் 20 மில்லிமீட்டர் கிட்ட தடிமன், ஒரு சதுர அடிக்கு சுமார் 4 கிலோ வரும், சாதா செராமிக் டைலை விட ரெண்டு மடங்குக்கும் மேல. அதுக்குக் கீழ கலவை வேற போகணும். பழைய வீட்ல மாடி பாத்ரூம்னா தரை மட்டம் ஏறி வாசப்படியே இல்லாமப் போகும், சன்க்கன் ஸ்லாப், அதாவது பாத்ரூம் பைப்புக்காகத் தாழ்த்தி விட்ட தளம், எவ்வளவு ஆழம்னு அளந்துட்டு முடிவு பண்ணுங்க. வாங்குறப்ப நூத்துக்குப் பத்து டைல் கூடுதலா எடுத்து வச்சுக்கங்க, கையால செய்யிறதுனால அடுத்த தடவை அதே நிறம் அச்சு அசலா வராது.

ரெட் ஆக்சைடு, அதாவது சிவப்பு சிமெண்ட் தரை, என் மனசுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. பொருள் செலவு ரொம்பக் கம்மி, சிமெண்டும் காவி நிற ஆக்சைடு பொடியும்தான். ஜாயிண்டே இல்லாத தரை, வருஷம் ஆக ஆக கால் பட்டுப் பட்டு மெருகு ஏறும். ஆனா இதுல நாம காசு கொடுக்குறது பொருளுக்கு இல்ல, கைக்கு. கலவை போட்டு, அது இறுகுற பதம் பார்த்து, கரண்டியால அழுத்தித் தேய்ச்சு தேய்ச்சு வழவழன்னு கொண்டு வர்ற கொத்தனார் இப்ப ரொம்பக் கம்மி. தெரிஞ்ச ஆளுங்களுக்கு அறுபது வயசு தாண்டியிருக்கும், நீங்க தேடிப் பிடிக்கணும். ஒரு பக்கம் கலவை முதல்ல காஞ்சிருச்சுன்னா நிறம் திட்டுத் திட்டா வரும், ஒரு வாரம் தண்ணி கட்டி கியூரிங் பண்ணலேன்னா முடி மாதிரி வெடிப்பு விடும். ஹால்ல அந்த வெடிப்பு அழகா கூட இருக்கும், பாத்ரூம்ல அது வழியா தண்ணி இறங்கும். அதோட ஈரமா இருந்தா வழுக்குறதுல இதை மிஞ்ச ஆளில்ல. வயசானவங்க இருக்குற வீட்ல ஷவருக்குக் கீழ ரெட் ஆக்சைடு போடவே கூடாதுங்கறது என் உறுதியான கருத்து. வாஷ் பேசின் பக்கம், டிரஸ் மாத்துற இடம், அங்க போடுங்க, அருமையா இருக்கும்.

கடப்பா, கோட்டா, தாண்டூர் கல்லெல்லாம் விலை கம்மி, பார்க்கவும் பழைய லுக்தான், அதனால நிறைய பேர் இதைத்தான் முதல்ல கேப்பாங்க. மூணுமே சுண்ணாம்புக்கல் வகை. கோட்டா ராஜஸ்தான்ல இருந்தும், கடப்பா ஆந்திராவுல இருந்தும், தாண்டூர் தெலங்கானால இருந்தும் வருது. நல்ல தண்ணி வர்ற வீடு, ஆசிட் கையால தொடாத வீடுன்னா தாராளமா போடலாம், பாலிஷ் போடாத சொரசொரப்பான கல்லா எடுத்தா காலுக்குப் பிடிமானம் நல்லா இருக்கும். ஆனா நம்ம ஊர்ல எத்தனை வீட்ல ஆசிட் இல்லாம பாத்ரூம் கழுவுறாங்க?

இதுக்கு ஒரு சோதனை சொல்றேன், கடைக்குப் போறப்பவே எல்லாத்துலயும் ஒரு சில்லு சாம்பிள் கேட்டு வாங்கிக்கங்க. நாங்க கொல்லைப் படிக்கட்டுல நாலு துண்டை வரிசையா வச்சோம், கடப்பா, கோட்டா, உடைஞ்ச ஆத்தங்குடி ஒண்ணு, கருங்கல் ஒண்ணு. கையில க்ளவுஸ் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் டாய்லெட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டோம். கோட்டாவுல உடனே பொடிப் பொடியா நுரை பொங்குச்சு. கடப்பாவுலயும் அப்படித்தான், துடைச்சப்புறம் பார்த்தா அந்தக் கறுப்புல ஒரு ரூபா காசு அளவுக்கு சாம்பல் நிறத்துல வட்டம், தண்ணி விட்டுத் தேய்ச்சாலும் போகல. ஆத்தங்குடியில நுரை அடங்குனதும் விரலால தடவிப் பார்த்தேன், சுத்தி வழவழன்னு இருக்கு, அந்த இடம் மட்டும் மணல் மாதிரி நெருடுது, பச்சை நிறம் வெளிறிப் போச்சு. கருங்கல் துண்டுல எதுவுமே ஆகல, கழுவிட்டா பழையபடி இருந்துச்சு. கிளீனர் பாட்டில்ல பெரும்பாலும் இருக்குறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான், கடையில பாத்ரூம் ஆசிட்னு லூசுல விக்கிறதும் அதேதான், சுண்ணாம்பும் சிமெண்டும் அதுக்கு முன்னாடி நிக்க முடியாது. அம்மா இதைப் பார்த்துட்டு ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க, "இந்தக் கல்லையே போட்டுரு, எங்க ஆத்தா வீட்டுக் கிணத்தடியில கெடந்ததும் இதான்."

அப்ப கருங்கல். கிரானைட்னு சொன்னதும் கிச்சன் மேடை மாதிரி கண்ணாடியா மின்னுற கல்லுதான் ஞாபகத்துக்கு வரும், நான் சொல்றது அது இல்ல. சாம்பல் நிற கருங்கல் பலகையை உளியால கொத்தி சொரசொரப்பாக்குன கல்லு, இல்லேன்னா மெஷின்ல ஃப்ளேம் ஃபினிஷ், லெதர் ஃபினிஷ் பண்ணது. கொத்துன கல்லுதான் பார்க்க உண்மையான கிணத்தடி மாதிரி இருக்கும், ஆனா கொத்து ரொம்ப ஆழமா இருந்தா சோப்பு அழுக்கு உள்ள அடையும், பாதமும் வலிக்கும், அதனால லேசான கொத்தா கேட்டு வாங்குங்க. வெறுங்கால்ல நின்னு பார்த்துட்டு எடுங்க. குறை என்னன்னா, கூலி அதிகம், கல்லு கனம், மழைக்காலத்துல காலைல காலுக்கு ஜில்லுன்னு இருக்கும். ஆனா ஈரப் பக்கத்துக்கு இதை விட நல்ல பொருள் நான் பார்க்கல.

டைல் கம்பெனிகள் ஆத்தங்குடி டிசைனை அச்சடிச்ச மேட் ஃபினிஷ் டைல் போடுறாங்க, அதையும் சொல்லணும். நிஜ டைலோட ஆழமான நிறம் இதுல வராது, நாலு டைல் தள்ளி அதே புள்ளி அதே இடத்துல திரும்ப வர்றது கண்ணுக்குத் தெரியும். ஆனா ஃப்ளாட்ல இருக்கீங்க, போர் தண்ணி, வேலைக்கு வர்ற அக்கா எதை ஊத்தி கழுவுவாங்கன்னு உங்க கையில இல்லேன்னா இதுதான் நிம்மதி. வழுக்காத ரேட்டிங் ஆர்10, ஆர்11னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கான்னு பாருங்க, ஷவர் பக்கத்துக்கு ஆர்11 நல்லது.

தண்ணியைப் பத்தி மேல சொன்னேன் இல்லையா, அதை டெஸ்ட் பண்ணிருங்க. டிடிஎஸ் மீட்டர் விட்டுப் பார்த்தா மட்டும் பத்தாது, அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், வெள்ளையா படியிறது கால்சியமும் மெக்னீசியமும், அதுக்கு ஹார்ட்னஸ் தனியா பார்க்கணும். குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல கட்டணம் கட்டுனா பார்த்துக் கொடுப்பாங்க. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்துல ஹார்ட்னஸ் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணியே இல்லேன்னா 600 வரைக்கும்னு வச்சிருக்காங்க. 200க்குள்ள வந்துச்சுன்னா ஆத்தங்குடி, கடப்பா, பித்தளை எதை வேணாலும் தைரியமா யோசிக்கலாம். 600 கிட்ட வந்துச்சுன்னா வெள்ளைக் கறை படிஞ்சுக்கிட்டே இருக்கும், அதை எடுக்க ஆசிட்தான் வேணும், ஆசிட் போட்டா இந்தப் பொருள் எதுவும் நிக்காது. அங்க சாஃப்ட்னர் போடுங்க, இல்லேன்னா கருங்கல்லும் செராமிக்கும் மட்டும்.

சுவருக்கு ஆசைப்படுறவங்க ரெண்டு வகை, செங்கல்லைப் பூசாம அப்படியே விடணும்ங்கறவங்க, செட்டிநாட்டு முட்டைப் பூச்சு மாதிரி மினுமினுன்னு சுண்ணாம்பு சுவர் வேணும்ங்கறவங்க. செங்கல் சுவர் பாத்ரூமுக்கு எனக்கு சம்மதமே இல்ல. என்ன கோட்டிங் அடிச்சாலும் அடியில இருந்து ஈரம் ஏறி உப்பு பூத்துரும், செங்கல் பொரிஞ்சு கொட்டும். சுண்ணாம்புப் பூச்சு வேற கதை. நல்லா ஊற வச்ச சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, வெல்லம், மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருன்னு பல அடுக்கா போட்டு, கடைசியில கூழாங்கல்லால தேய்ச்சு எடுக்குற சுவர், அது மூச்சு விடும், ஈரக் காத்தை வாங்கி வெளிய விடும், பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது. காஞ்ச பக்கத்துச் சுவருக்கும், ஷவர் பக்கம் 7 அடிக்கு மேலயும் இதைப் போடுங்க. நேரா தண்ணி அடிக்கிற இடத்துல வேண்டாம். மொராக்கோவுல குளியல் அறைக்கே சுண்ணாம்புப் பூச்சு போட்டு சோப்பு தேய்ச்சு மெருகேத்துற ததலாக்த்னு ஒரு முறை இருக்கு, ஆனா அதைப் பண்ற கை நம்ம பக்கம் கிடைக்கிறது அபூர்வம். ஷவர் சுவருக்கு நாங்க க்ரீம் கலர்ல சின்ன சைஸ் செராமிக் டைல்தான் போட்டோம், ஓரத்துல ஒரே ஒரு வரி பூ டைல். செட்டிநாட்டு வீடுகள்லயே வெளிநாட்டுல இருந்து வந்த க்ளேஸ் டைல் சுவர்ல இருக்கறதுனால இது ஸ்டைலுக்கு வெளிய போகவே இல்ல.

டேப்ல மூணு வழி. மேல கோட்டிங் இல்லாத நிஜ பித்தளை, பழைய பித்தளை நிறத்துல முலாம் பூசுனது, பிவிடி கோட்டிங், அதாவது வெற்றிடத்துல உலோக ஆவியைப் படிய வச்ச மெல்லிய கெட்டியான பூச்சு. நிஜ பித்தளை மாசக்கணக்குல மெல்ல கறுத்து ஒரு பழுப்பு நிறத்துக்கு வரும், வேணும்னா புளி போட்டுத் தேய்ச்சா பொன்னா மின்னும், எத்தனை வருஷம் ஆனாலும் உள்ள வரைக்கும் பித்தளைதான், கீறல் விழுந்தா கவலை இல்ல. பராமரிப்பு பிடிக்கும்னா இதுதான் எடுக்கணும். முலாம் பூசுனது கடையில எல்லாத்தையும் விட அழகா தெரியும், விலையும் கம்மி, ஆனா உப்புக் கறைக்கு நாலு தடவை ஸ்க்ரப்பர் போட்டா நிறம் போய் உள்ள இருக்குறது எட்டிப் பார்க்கும், அதுல மறந்து கூட புளி போடக் கூடாது. பிவிடி நல்லா உழைக்கும், விலை அதிகம். இப்ப ட்ரெண்டா இருக்குற மேட் கறுப்பு டேப் பழைய ஸ்டைலுக்கு சுமாரா பொருந்தும், போர் தண்ணி வீட்ல ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியா தெரியும், அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எதை எடுத்தாலும் உள்ள இருக்குற கார்ட்ரிட்ஜ் நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில கிடைக்குமான்னு கேட்டுருங்க.

வாஷ் பேசினுக்கு பித்தளை உருளியை ஓட்டை போட்டு மாட்டுறது இப்ப நிறைய இடத்துல பார்க்குறோம். விருந்தாளி கை கழுவுற இடத்துக்கு ரொம்ப அழகு. தினமும் நாலு பேர் பல் தேய்க்கிற பேசினுக்கு அது சரிப்படாது, பேஸ்ட்டும் சோப்பும் பட்டுப் பட்டு திட்டுத் திட்டா கறுக்கும், ஓட்டை ஓரத்துல களிம்பு ஏறும், தினம் துலக்கணும். அதுக்கு கல் தொட்டி மேல். மாமல்லபுரம் பக்கம் சிற்பக் கூடங்கள்ல அளவு கொடுத்தா கருங்கல்லுல குடைஞ்சு கொடுப்பாங்க. உள்பக்கம் வழவழன்னு, வெளிப்பக்கம் கொத்தோட விடச் சொல்லுங்க. கனம் தாங்க அடியில சுவரோ சிமெண்ட் ஸ்லாப்போ வேணும், சும்மா ப்ராக்கெட்ல நிக்காது. பட்ஜெட் இடிச்சா கால் வச்ச பழைய மாடல் வெள்ளை பேசின், அதுவும் இந்த ஸ்டைலுக்கு ரொம்பவே ஒத்துப்போகும்.

மரத்துக்கு நான் ரொம்ப யோசிக்கல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கு, அங்க பழைய பர்மா தேக்கு ஜன்னல் சட்டம், எனாமல் குவளை, பித்தளைக் கொக்கி எல்லாம் பார்த்துப் பார்த்து எடுக்கலாம், பேரம் பேசுங்க, மரத்துல துளை துளையா பூச்சி அரிச்சிருக்கான்னு திருப்பிப் பாருங்க. ஜன்னல் சட்டத்துல கண்ணாடி மாட்டிக்கலாம். தரையில இருந்து அரையடிக்குள்ள எந்த மரமும் வேண்டாம், நிலையைக் கருங்கல்லுல வச்சுட்டா நிம்மதி.

லைட் மஞ்சளா, 2700 கெல்வின் எல்இடி ஃபிலமென்ட் பல்பு, ஷவருக்கு மேல தொங்க விடாதீங்க. பாத்ரூம் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனை நிறுத்துற சுவிட்ச், இருக்கணும், இதுல மட்டும் ஸ்டைல் பேச்சே கிடையாது.

வாடகை வீட்ல இருக்குறவங்க தரையையும் சுவரையும் தொட முடியாது. பிளாஸ்டிக் வாளி, மக்கை எடுத்துட்டு பித்தளைச் சொம்பும் செம்பு அண்டாவும் வைங்க, ஒரு பழைய தேக்கு ஸ்டூல், ஈரிழைத் துண்டு, பித்தளைக் கொக்கி ரெண்டு. போறப்ப எல்லாத்தையும் கூட எடுத்துட்டுப் போகலாம். பனையோலைக் கொட்டானை மட்டும் உள்ள வைக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிரும்.

கடைசியா, எந்தக் கல்லுன்னு முடிவு பண்ணாலும் அதுக்கு முன்னாடி மேஸ்திரிகிட்ட ரெண்டு விஷயம் கறாரா சொல்லிருங்க. ஒண்ணு, வாட்டர் ப்ரூஃபிங் முடிஞ்சதும் நஹானி ட்ராப்பை, அதாவது தரையில தண்ணி போற ஓட்டையை, அடைச்சு முழு ரெண்டு நாள் தண்ணி கட்டி, கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் மேல வேலை. ரெண்டு, வாட்டம், அதாவது தண்ணி ஓடத் தரைக்கு விடுற சரிவு. கொத்துன கல்லுல தண்ணி டைல்ல ஓடுற மாதிரி ஓடாது, கொத்துக்குள்ள தங்கும், அதனால சாதா டைலுக்கு விடுறதை விடக் கொஞ்சம் கூடவே விடணும், மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட. எங்க மேஸ்திரி ரசமட்டத்தை வச்சுக்கிட்டே சொன்னாரு, "ஏம்மா, வாட்டம் சரியில்லேன்னா நீங்க தங்கத்தைப் பதிச்சாலும் தண்ணி நிக்கும்." கல்லைச் சும்மா அடுக்கி வச்சு, ஒரு வாளித் தண்ணியை மூலையில ஊத்தி, ட்ராப் வரைக்கும் போய்ச் சேருதான்னு பார்த்தப்புறம்தான் கலவை குழைச்சாரு. நீங்களும் அந்த ஒரு வாளித் தண்ணியை ஊத்திப் பார்க்காம பதிக்க விடாதீங்க.